அரசு ஆலோசித்து வருகிறதாம்

சட்டத்தை மீறுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். செய்தித்தாளில் படம் வரும். சட்டத்துக்குக் கட்டுப்படுகிறவர்களையும் தெரியும், படம் வராது. இந்த இரண்டு கூட்டத்துக்கும் வெளியே மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. சட்டம் பிறப்பதற்கு முன்பே அதற்குக் கட்டுப்பட்டு முடித்துவிட்டு, இன்னும் வரக்காணோமே என்று வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற இனம். இவர்கள் உங்கள் அலுவலகத்தில் உண்டு, உங்கள் மாடிப்படியில் உண்டு, உங்கள் சம்பந்தி வீட்டில் கட்டாயம் உண்டு. எங்கள் தெருவில் இருப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் முன்கூட்டி.

முன்கூட்டியைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சன் விளக்கை அணைக்கும்போது, பில் குறையும் என்ற நினைப்பில் அவன் முகத்தில் சின்னதாக ஒரு சந்தோஷம் ஓடும். இவர் முகத்தில் அது கிடையாது. இயற்கை ஆர்வலரா என்றால் அதுவும் இல்லை. பூமி சூடாகிக்கொண்டே போகிறதே என்று ஒருமுறை பேச்சைத் தொடங்கினேன். அதைப்பற்றி அரசாங்கம் என்ன சொல்லியிருக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். வம்பு வரக் கூடாது. எங்கோ தலைநகரத்தில் ஓர் அமைச்சர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் போதும், இங்கே இவர் வீட்டில் ஃபேன் நின்றுவிடும்.

தொழிலால் அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பிறர் கண்ணைச் சோதிக்கும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் செய்தித்தாள்தான். "அரசு உத்தரவிட்டது" என்று தொடங்கும் செய்தியை அவர் படிப்பதே இல்லை. அதெல்லாம் அவருக்கு ஆறிப்போன காபி. "அரசு ஆலோசித்து வருகிறது", "பரிசீலனையில் உள்ளதாக வட்டாரங்கள் தெரிவித்தன", "விரைவில் அறிவிப்பு வெளியாகக்கூடும்" என்று எங்கேயாவது ஒரு மூலையில் பொடி எழுத்தில் கிடந்தால் அது மட்டும் அவர் கண்ணுக்குக் கொட்டை எழுத்தாகத் தெரியும். அந்த வட்டாரங்கள் யார்? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, எழுதிய நிருபருக்கே சந்தேகம்தான். ஆனால் வட்டாரம் வாயைத் திறந்துவிட்டால் இவர் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிடுவார்.

குண்டு பல்புகளை ஒழிக்க ஆலோசனை என்று படித்த அன்றே வீட்டிலிருந்த அத்தனை குண்டு பல்புகளையும் கழற்றி, வேறு வகை பல்புகளை மாட்டினார். அந்த வேறு வகைக்குள் பாதரசம் இருக்கிறது, அதையும் ஒழிக்க ஆலோசனை என்று இன்னொரு செய்தி வந்தது. அதையும் கழற்றினார். மூன்றாவது வகை கடைக்கு வந்து சேரும்வரை அந்தக் குடும்பம் செல்போன் வெளிச்சத்தில் சாப்பிட்டது. வெந்நீர் ஹீட்டர் உபயோகத்துக்கு நேரக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று ஒரு நிபுணர் குழு யோசிப்பதாகப் படித்தவர், நேரம் எவ்வளவு என்று தெரியாத காரணத்தால் ஹீட்டரையே இறக்கிப் பரணில் போட்டுவிட்டார். ஏசியை இருபத்தாறு டிகிரிக்குக் கீழே வைக்க முடியாதபடி செய்யப்போகிறார்களாம் என்ற பேச்சு அடிபட்டபோது, இவர் இருபத்தெட்டில் வைத்தார். அந்த இரண்டு டிகிரி எதற்கு என்று கேட்டால், நம்ம பங்குக்கு இருக்கட்டுமே என்கிறார்.

காலேஜில் படிக்கும் மகளுக்கு வாய் கொஞ்சம் நீளம். புழுக்கத்தில் விசிறிக்கொண்டே ஒருநாள் அவள் கேட்டது தெரு முழுக்கப் பரவிவிட்டது.

"அப்பா, மூச்சு விடுறதைப் பத்தி ஏதாவது ஆலோசிச்சுட்டு வர்றாங்களா? முன்னாடியே சொல்லிடுங்க, பழகிக்கிறேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இந்த இனத்துக்குக் கோபம் வராது, கவலைதான் வரும்.

இவர்களிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா? முயன்று பாருங்கள். "இப்பவே எதுக்குங்க?" என்பீர்கள். "வரத்தானே போகுது?" என்பார். அவ்வளவுதான், உங்கள் வாய் அடைபட்டது. வராமல் போனால் என்று இழுத்துப் பார்த்தால், ஐயோ பாவம், உலகம் தெரியாத ஆளாக இருக்கிறீர்களே என்கிற மாதிரி ஒரு பார்வை கிடைக்கும். அதோடு நீங்கள் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். வந்து, சும்மா ஒரு எச்சரிக்கைக்காக, உங்கள் ஏசி எத்தனையில் இருக்கிறது என்று பார்ப்பீர்கள். நான் பார்த்தேன்.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மனைவி எப்படி இருப்பார்? அவர் "வந்தா பாத்துக்கலாம்" கட்சி. பகலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. சாயங்காலம் வீட்டில் கேக் தொழில். தெருவுக்கே அவர் கேக் அக்கா. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, முகம் கழுவி, வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிக்க ஆரம்பிப்பார். ஆறு மணிக்கு மேல் ஓவன் சூடேறும். ஏழு மணிக்கு எங்கள் தெருவில் யாராலும் ஒழுங்காக எந்த வேலையும் செய்ய முடியாது, அப்படி ஒரு வாசனை. சுட்ட கேக் ராத்திரி முழுக்க ஆற வேண்டும், காலையில்தான் அதன்மேல் க்ரீம் பூச வேண்டும், வேலைக்குக் கிளம்புவதற்குள் வாங்க வந்தவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்தத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் இந்த ஆறுகிற நேரத்தில்தான் இருக்கிறது என்று அக்கா சொல்வார்.

அக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது. ஸ்டேஷன் பக்கத்து காபிக் கடைக்காரர், தினமும் காலையில் கடை திறக்கும்போது கேக் வேண்டும், எவ்வளவு கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அது அமைந்துவிட்டால் பள்ளிக்கூட வேலையை விட்டுவிடலாம். பிறர் பெயரை ரெஜிஸ்டரில் எழுதி எழுதி இருபது வருஷம் போய்விட்டது, இனிமேல் என் பெயரைப் பெட்டிமேல் எழுதி விற்கப்போகிறேன் என்று என் மனைவியிடம் அக்கா சொன்னபோது அவர் கண் பளபளத்ததாம்.

சரியாக அந்த வாரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை வீடுகளின் மின்உபயோகத்துக்கு வரம்பு கட்டுவது குறித்து அரசு ஆலோசித்து வருகிறதாம்.

முன்கூட்டி கடையைச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்தவர், ஆறிலிருந்து பத்து என்பதை ஐந்தரையிலிருந்து பத்தரை என்று திருத்தம் செய்தார். அரசாங்கத்தின் கடிகாரமும் நம்முடையதும் ஒன்றுபோல் ஓடும் என்று என்ன நிச்சயம்? அந்த நேரத்தில் ஒரு ஹாலில் ஒரு விளக்கு, ஒரு ஃபேன். வாஷிங் மெஷின் கிடையாது, மிக்ஸி கிடையாது, மகளின் கம்ப்யூட்டர் கிடையாது. ஃப்ரிட்ஜை என்ன செய்வது என்று ஒரு வாரம் யோசித்ததாகக் கேள்வி. ஓவன்? ஓவன் என்ற பேச்சுக்கே இடமில்லை. அக்கா கேட்பாரா? அவர் பாட்டுக்கு ஆறு மணிக்கு ஓவனைப் போட்டார். இவர் பாட்டுக்கு ஆறரைக்கு பிளக்கைப் பிடுங்கினார். உள்ளே இருந்தது ஒரு பல் டாக்டர் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் கேக். பாதி வெந்த கேக்கைப் பாதியில் விட்டால் நடுவில் குழி விழும். விழுந்தது. அந்தக் குழியை க்ரீமால் ரொப்பி ஒப்பேற்றிக் கொடுத்துவிட்டு, அக்கா அன்றைக்கு என் மனைவியிடம் வந்து உட்கார்ந்து அழுதார்.

அப்புறம் தினம் ஒரு சண்டை போடத் தெம்பில்லாமல் அவரே இறங்கி வந்தார். விடிவதற்கு முன்னால் எழுந்து கேக் சுடுவது என்று ஏற்பாடு. இதில் ஆறுவதற்கு நேரம் எங்கே? சூடான கேக்கில் க்ரீம் நிற்காது, வழுக்கிக்கொண்டு ஓடும். கார் வடிவத்தில் ஒரு கேக் கேட்டிருந்த பையனுக்குக் கிடைத்தது, விபத்துக்குப் பிந்தைய கார். கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். காபிக் கடைக்காரரிடம் அக்கா தவணை சொன்னார். ரூல்ஸ் தெளிவாக வந்துவிடட்டும், வீட்டுத்தொழில் செய்கிறவர்களுக்கு ஏதாவது வழி வைக்காமலா இருப்பார்கள் என்று சொல்லிச் சொல்லி ஏறக்குறைய ஒரு வருஷம் ஓட்டினார்.

அந்த ஒரு வருஷமும் எங்கள் தெரு மட்டுமல்ல, ஊரே இதைப்பற்றிக் காரசாரமாகப் பேசியது. அரசாங்கம் அடுக்களைக்குள் வரலாமா, என் வீட்டு ஸ்விட்சைப் போடவும் அணைக்கவும் எனக்கு உரிமை உண்டா இல்லையா, கரண்ட் பத்தாது என்றால் மக்கள் என்ன செய்வார்கள், மின்சாரமே இல்லாமல் போவதைவிட வரம்பு தேவலையா என்று சலூனில் பேசினார்கள், பஸ்ஸில் பேசினார்கள். நல்ல கேள்விகள்தான். ஆனால் ஒன்று கவனியுங்கள். அரசாங்கம் ஒரு வீட்டுக்குள் வரவேண்டுமானால் அதற்கு முன்னால் வரைவு போட வேண்டும், ஆட்சேபம் கேட்க வேண்டும், கூட்டம் நடத்த வேண்டும், ஆளை அனுப்ப வேண்டும், அந்த ஆள் கதவைத் தட்ட வேண்டும். முன்கூட்டிக்கு இது எதுவும் வேண்டாம். அவரிடம் வீட்டுச் சாவி இருக்கிறது.

ஆட்சேபம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று அரசாங்கம் விளம்பரம் கொடுத்தது. எனக்கு ஆட்சேபம் இல்லை என்று முன்கூட்டி பதிவுத் தபாலில் தெரிவித்தார். அதை வாங்கிப் படித்தவர் என்ன நினைத்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

எதிர்வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கதை நிற்காது. அங்கே இருப்பவர் பல காலம் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். கப்பல்காரர் என்றுதான் சொல்வோம். தனி ஆள். ஆனால் வீடு முழுக்க விளக்கு எரியும். இருட்டில் வருஷக்கணக்காகக் கடலையே பார்த்தவன், இனிமேல் எனக்கு எல்லா ஜன்னலிலும் வெளிச்சம் வேண்டும் என்பார். மாலையில் எல்லா அறைகளிலும் ஏசி, மீன் தொட்டிக்கு மோட்டார், பாட்டுக்குப் பெட்டி, அதுபோக ஏதாவது ஒன்று அடுப்பில் வெந்துகொண்டே இருக்கும். வரப்போகும் வரம்பைப் பற்றி அவரிடம் முன்கூட்டி எச்சரித்தபோது, எனக்கு யாரும் சொல்லலையே என்றாராம். பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று முன்கூட்டி எங்களிடம் வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார், கெட்ட மனிதர் இல்லை.

ஒருவழியாக விதி வந்தது.

வந்த விதியைப் பார்த்ததும் ஊர் பெருமூச்சு விட்டது. எல்லோருக்கும் ஒரே வரம்பு என்று எதுவும் இல்லை. போன வருஷம் மாலை நேரத்தில் உங்கள் வீட்டில் எவ்வளவு கரண்ட் செலவாயிற்று என்று மீட்டருக்குத் தெரியும் அல்லவா, அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், போதும். அவரவர் வீட்டு வரம்பு அவரவர் போனுக்கு வந்தது. எனக்கு வந்தது, மகன் கொஞ்சம் முனகினான், சமாளித்தோம். கப்பல்காரருக்கு வந்தது. பத்தில் ஒன்று போன பிறகும் ஒரு சின்ன ஹோட்டலே நடத்தலாம் போல அவ்வளவு இருந்தது. மீன் தொட்டியின் அலங்கார விளக்கு ஒன்றை அணைத்துவிட்டு, ஓர் அறை ஏசியையும் நிறுத்திவிட்டு, தேசத்துக்குத் தன் கடமையை முடித்துக்கொண்டார்.

முன்கூட்டி வீட்டுக்கும் வந்தது. ஒரு விளக்கு, ஒரு ஃபேன். அதிலும் பத்தில் ஒரு பங்கு குறைவு.

அக்கா அந்த போனை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று மின் அலுவலகத்துக்குக் கிளம்பினார். முன்கூட்டி துணைக்குப் போனார். எனக்கு மீட்டரில் பெயர் மாற்றும் வேலை ஒன்று நிலுவையில் இருந்தது, நானும் போனேன். அங்கே இருந்த அதிகாரி அம்மாள் தன்மையானவர். உட்காரச் சொன்னார், கம்ப்யூட்டரைத் தட்டினார், முகம் சுளித்தார், திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"தப்பு ஒண்ணும் இல்லைங்களே. போன வருஷம் பூரா சாயங்காலத்துல நீங்க ஒண்ணுமே உபயோகிக்கலையே. ஊருக்குப் போயிருந்தீங்களா?"

இல்லை என்றார் அக்கா. தான் வீட்டிலேயே கேக் செய்து விற்பவர் என்றும், ஓவன் எவ்வளவு இழுக்கும் என்றும், அது சாயங்காலத்தில்தான் ஓட வேண்டும் என்றும் சொன்னார். வீட்டுத்தொழிலுக்குச் சலுகை உண்டுதான் என்றார் அதிகாரி; போன வருஷம் மாலையில் தொழில் நடந்ததற்கு மீட்டரில் அடையாளம் இருந்தால் பத்தில் ஒரு பங்குகூடக் குறைக்க வேண்டியதில்லை. அந்த அடையாளம்தான் இல்லை. கணக்கு மறுபடி எடுக்கும்போது மேலே சொல்லிப் பார்க்கலாம், அது எப்போது என்று இப்போது சொல்ல முடியாது.

அப்போது முன்கூட்டி மெல்லத் தொண்டையைச் செருமினார். வரம்பு வரப்போகிறது என்று படித்ததாகவும், அதனால் நல்ல குடிமகனாக முதலிலேயே குறைத்துக்கொண்டதாகவும் சொன்னார். குரலில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அதிகாரி அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். கிண்டல் எதுவும் இல்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"யாருங்க உங்களைக் குறைக்கச் சொன்னது?"

வட்டாரங்கள் என்று சொல்ல முடியுமா? அக்கா கத்தவில்லை. அலுவலகத்து வாசற்படியில் இறங்கும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, கணவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அரசாங்கம் என் ஓவன்ல பத்துல ஒரு பங்குகூடக் கேக்கலைங்க. நீங்க மொத்தத்தையும் தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

முன்கூட்டி பஸ் ஸ்டாப்வரை, அப்படியெல்லாம் இல்லம்மா, அப்படியெல்லாம் இல்லம்மா என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓவன் தெருவைக் கடந்தது. கப்பல்காரர், நான், என் மகன், பல் டாக்டர் வீட்டு டிரைவர் என்று நான்கு பேர் தூக்கினோம். கப்பல்காரர் வீட்டு வரம்பில்தான் ஓவனுக்கும் கேக் அடிக்கும் மெஷினுக்கும் தாராளமாக இடம் இருக்கிறதே. இன்னொரு ஏசியை அணைத்துவிட்டால் ஆயிற்று, எனக்குச் சமையலறையில் பேச்சுத்துணை கிடைத்தால் போதும் என்றார். அக்கா இலவசமாக வர மாட்டேன் என்று வாடகை பேசினார். காபிக் கடைக்காரரிடம் போய் ஒப்புக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது சாயங்காலம் ஆனால் அக்கா எதிர்வீட்டில். மகளும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டில். அங்கேதான் படிக்க வெளிச்சம் இருக்கிறது, சுடச்சுட ருசி பார்க்கவும் கிடைக்கிறது. மூன்று பேரும் சிரிப்பது எங்கள் வீடுவரை கேட்கும். பெட்டிமேல் அக்காவின் பெயர் அச்சாகிவிட்டது. எழுத்து கொஞ்சம் பெரிதுதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

முன்கூட்டி?

போன வாரம் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். மின் அலுவலகத்திலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. இந்த வட்டாரத்திலேயே மிகக் குறைவாக மின்சாரம் உபயோகித்த வீடு என்ற வகையில் அவர் வீடு முன்மாதிரி இல்லம் என்று தேர்வாகியிருந்தது. வீட்டில் காட்ட ஆளில்லாததால் என்னிடம் காட்ட வந்திருந்தார். சந்தோஷம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? காபி குடித்தார். எதிர்வீட்டு ஜன்னலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது, நீங்களும் அங்கே போய் உட்காரலாமே, யார் வேண்டாம் என்றது என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சார், அடுத்ததா வீட்ல எத்தனை பேருன்னு தலையை எண்ணி வரம்பைக் குறைக்கலாமான்னு ஆலோசிச்சுட்டு வர்றாங்களாம். நல்லவேளை, நம்ம வீட்ல சாயங்காலம் இப்பவே ஒருத்தர்தான்."

சிரித்துவிட்டீர்களா? நல்லது. போகிற போக்கில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டில் யாரோ ஒருவர், மனைவியோ மகனோ தங்கையோ, ஏதோ ஒன்றைத் தொடங்கலாமா என்று ஆசையாக வந்து கேட்டார். நீங்கள் தலையை நிமிர்த்தாமலேயே, இப்ப வேண்டாம், ஏதோ ரூல்ஸ் வரப்போகுதாம் என்றீர்கள். அவரும் சரி என்று உள்ளே போய்விட்டார். அந்த ரூல்ஸ் வந்ததா?